நாடு பிறந்த கதை: ஆளுக்கு ஒரு சேலை நீளம்

போன மாசம் காட்சிசாலைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டாலும் அவ்வப்போது போய் ஒரு சுற்று சுற்றி வருவேன். நான் எட்டிப் பார்க்காவிட்டால் அந்தக் கட்டடம் நிற்குமா என்று எனக்கே ஒரு சந்தேகம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் சுவரில் கறுப்புக் கட்டம் கட்டமாக அச்சடித்த சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். செல்போனை அதற்கு நேராகக் காட்டினால் காதில் பேசுமாம்.

"உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படிங்கய்யா பேச வெச்சீங்க?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. நான் ஆரம்பித்தால் லேசில் நிறுத்துகிற ஆள் இல்லை என்று அவளை யாரும் எச்சரிக்கவில்லை போலிருக்கிறது. பாதியில் போன் வந்ததாகச் சொல்லி எழுந்து போனாள். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் காதுக்கு ஒரு குறையும் கிடையாது. சரி, அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் அதியமான்கோட்டை முனுசாமி. ரேடியோ செட் முனுசாமி என்றால் அன்றைக்கு தருமபுரியில் தெரியாத ஆள் கிடையாது. படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் முழுசாக உட்காரவில்லை. மைக், ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடையை எங்கள் பக்கம் ரேடியோ செட் கடை என்போம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்படி ஒரு கடையில் சேர்ந்தேன். ஒயர் சுற்றக் கற்றேன், சால்டரிங் வைக்கக் கற்றேன், அப்புறம் முதலாளிக்கே கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பினார். எதிர்ப்புறத்திலேயே சொந்தக் கடை போட்டேன். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். இதற்கு மேல் நீட்டினால் பொய் சேரும்.

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் செட் கட்டினேன். இந்தத் தொழிலில் பாட்டுப் போடுவது பெரிய வித்தை இல்லை. மைக்கைப் பிடித்தவரை இறக்குவதுதான் வித்தை. ஒயரைப் பிடுங்கினால் அவருக்கு அவமானம், நமக்கு அடி. நான் என்ன செய்வேன் என்றால், சத்தத்தை ஒரு நூல் கூட்டுவேன். குழாய் 'கூய்' என்று விசில் அடிக்கும். பேசுகிறவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போவார். இன்னொரு விசில், இன்னொரு அடி. மேடை முடிகிற இடத்தில் பேச்சும் முடிந்துவிடும். எத்தனையோ பெரிய மனிதர்களை இப்படிப் பூப்போல இறக்கியிருக்கிறேன்.

ஒரு விழாவில் நான் இப்படி ஒருவரை இறக்கியதை முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

"வேணும்னேதானே விசில் அடிக்க வெச்சே?"

"ஆமாங்க."

"இல்லைன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்."

"நல்ல வேலை செஞ்சிருக்கேன். எதுக்குங்க இல்லைங்கணும்?"

"நாளைக்குக் காட்சிசாலைக்கு வா" என்றார்.

அவர்தான் சதாசிவம் சார். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்தின எங்கள் காட்சிசாலைக்கு அவர்தான் காப்பாட்சியர். அதற்கு முன்னால் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் மேலதிகாரிக்கு ஒருத்தனைப் பிடிக்கவில்லை என்றால் தருமபுரிக்குத் தூக்கி அடிப்பார்கள். அப்படித் தண்டனையாக வந்து இறங்கிய மனுசன், ஓய்வு பெற்றும் ஊருக்குப் போகாமல் இங்கேயே வாடகை வூட்டில் இருந்துகொண்டார். "வெயில் பழகிடுச்சு" என்பார்.

அவரிடம் வேலை பார்க்க அவருடைய பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டும். "பார்ப்போம்" என்றால் முடியாது. "அப்படியா?" என்றால் நீ சொல்வது பொய். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டார் என்றால் முடிவு எடுத்தாயிற்று, இனி கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவருக்கும் சேர்த்து நானே கத்திக்கொள்வேன்.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. காட்சிசாலையில் நடுகல்லும் உடைந்த பானையும்தான் இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து வரிசையாகவே கூட்டிப் போவார்கள். சாருக்கு ஒரு புது அறை திறக்க ஆசை. பெயர், 'நாடு பிறந்த கதை'. சுவரில் படங்கள். படத்துக்குக் கீழே மூன்று பட்டன்கள். பட்டனை அழுத்தினால் ஒரு சரித்திர ஆராய்ச்சியாளர் நாடு பிறந்ததைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். மூன்று பட்டன், மூன்று பேர், மூன்று கருத்து.

"ஏனுங்க மூணு? ஒருத்தர் சரியா சொன்னா போதாதுங்களா?" என்றேன்.

"ஒருத்தர் சொன்னா பாடம். மூணு பேர் சொன்னா சரித்திரம்" என்றார். எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். அதுவும் தொழில்தான்.

சிக்கல் என்னவென்றால், கேசட்டைப் போட்டால் ஓடும், முடியும், யாராவது திரும்பச் சுற்றி வைக்க வேண்டும். பட்டனை அழுத்துகிற ஒவ்வொருத்தருக்கும் பேச்சு முதலிலிருந்து வர வேண்டுமே. சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு வெளிநாட்டு மிஷின் வேண்டும் என்று சொல்லிப் போனார். நான் இரண்டு நாள் யோசிக்கலாம் என்று உட்கார்ந்தேன், ஒரு நாளிலேயே வந்துவிட்டது. பெரிய ஸ்பூல் டேப்பை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி ஒரு வளையமாக்கினேன். சுவருக்குப் பின்னால் பலகை அடித்து, தையல் கடையில் வாங்கிய காலி நூல்கண்டுக் கட்டைகளை ஆணியில் மாட்டினேன். டேப்பு அந்தக் கட்டைகளின் மேல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து சுற்றி வரும். ஒட்டு விழுந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம் ஒரு துண்டு. அது வந்து தொட்டதும் 'டக்' என்று மோட்டார் நின்றுவிடும். அடுத்த ஆள் அழுத்தினால் பேச்சு முதலிலிருந்து தொடங்கும். இதை நான் எங்கேயாவது பதிவு பண்ணி வைத்திருந்தால் இன்றைக்கு பெங்களூரில் எனக்கு ஒரு தெருவே இருந்திருக்கும்.

அந்தப் பலகையில் எவ்வளவு டேப்பு பிடிக்கும் என்று அளக்க, வாசல் பெருக்குகிற சின்னத்தாயிடம் மாற்றுச் சேலையை வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். சரியாக ஒரு சேலை நீளம். ஒரு சேலை நீளத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிசம் பேசலாம். சதாசிவம் சாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நின்றுகொண்டே கேட்கிற மனுசன் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றுவதற்குள் பேச்சு முடிய வேண்டும் என்பது அவருடைய சட்டம். அவரே என்னை நிற்க வைத்துச் சோதித்திருக்கிறார். சேலைக்கணக்கு அதற்குச் சரியாக உட்கார்ந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. காட்சிசாலையில் எந்த வாசகம் வைத்தாலும் முதலில் சின்னத்தாய்க்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் விளக்குமாற்றோடு உட்கார்ந்து கேட்பாள். நடுவில் ஒரு தரம் வாசலைப் பார்த்தாள் என்றால், அந்த இடத்தில் வெட்டு. பெரிய பெரிய டாக்டர் பட்டங்களையெல்லாம் சின்னத்தாயின் கழுத்து ஒரு திரும்பலில் வெட்டியிருக்கிறது.

பதிவு பண்ண ஒரு பின்னறையைத் தயார் செய்தேன். எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க சாக்கு கட்டினேன். சாக்கு, எங்கள் அறக்கட்டளைத் தலைவர் அரிசி மில் அய்யாவுவின் உபயம். தவிட்டோடு கொடுத்திருந்தார்.

முதலில் வந்தவர் பேராசிரியர் வேதமூர்த்தி. சேலத்துக்காரர், கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். நாடு பிறந்தது ஆகஸ்ட் பதினைந்து நள்ளிரவில் என்பது அவர் கட்சி. "ஆண்டாண்டு காலமாக அடிமைப்பட்டுக் கிடந்த..." என்று ஆரம்பித்தார். நான் டேப்பைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு சேலை ஓடியது. இரண்டு ஓடியது. நாலாவது சேலையில் வெள்ளைக்காரன் இன்னும் கப்பலைவிட்டே இறங்கவில்லை. ஏழாவது சேலையில் நள்ளிரவு வந்தது. அந்த நேரம் பார்த்து மூக்கில் தவிடு ஏறி "நள்..." என்று சொல்லி ஒரு தும்மல் தும்மினார் பாருங்கள், ஆம்ப்ளிஃபயர் முள் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது.

"ஐயா, ஒரு சேலைதாங்க இடம்" என்றேன்.

"என்னப்பா சேலை? நான் சரித்திரம் பேசுகிறேன்."

விசில் வித்தை இங்கே பலிக்காது, குழாய் இல்லை. யோசித்தேன். வாழ்க்கை பூரா மணி அடித்தால் நிறுத்திப் பழகின மனுசன்தானே? என் சைக்கிளிலிருந்து பெல்லைக் கழற்றி வந்தேன். மறுபடி ஆரம்பித்தார். ஒரு சேலை ஓடி முடிகிற இடத்தில் 'டிரிங்' என்று ஒரு அடி. பாதி வார்த்தையில் நிறுத்தி, "மீதியை அடுத்த வகுப்பில் பார்க்கலாம்" என்று எழுந்து மேல்துண்டைச் சரி செய்துகொண்டார். அவர் வாய் சொன்னதைக் கேட்டு அவரே திகைத்து உட்கார்ந்தார். மூன்று தரம் மணி அடித்ததில் பேச்சு சேலைக்குள் வந்து அடங்கியது.

அடுத்தவர் கமலாதேவி மேடம். கல்லூரி விரிவுரையாளர். ஒரே தடவையில், ஒரு அங்குலம் மிச்சம் வைத்துப் பேசி முடித்தவர். அவருக்கு ஆகஸ்ட் பதினைந்து செல்லாது. அரசியல் சட்டம் வந்த அன்றுதான் நாடு பிறந்தது. கைநாட்டு வைக்கிறவனுக்கும் ஓட்டு என்று அன்றைக்குத்தான் எழுதினார்கள் என்றார். கைநாட்டு என்றதும் எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது.

வேதமூர்த்தி வெளியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார். "குழந்தை பிறந்த நாளைத்தானம்மா பிறந்தநாள் என்பார்கள். பேர் வைத்த நாளை யாரும் கொண்டாடுவதில்லை."

"பேர் வைக்காத பிள்ளைய ரேசன் கார்டுல சேர்ப்பாங்களா சார்?"

"இது சரித்திரம். ரேசன் கடை இல்லை."

"நாட்டுல முக்காவாசி சரித்திரம் ரேசன் கடை வரிசையிலதான் சார் நிக்குது" என்றார் மேடம். நான் சிரித்துவிட்டேன். சதாசிவம் சார் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

மூன்றாவது ஆள்தான் இந்தக் கதை. ரஹமத்துல்லா சார். தருமபுரியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். டாக்டர் பட்டம் இல்லை. ஆனால் இந்தத் தாலுகாவில் எந்த நடுகல் எந்த வேலிக்குள் கிடக்கிறது என்று தேடிச் சேர்த்தவர். அவர் பேச்சு இப்படி இருந்தது:

"நாற்பத்தேழாம் வருடம். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த என் மாமா கராச்சிக்குக் கிளம்பினார். எங்களையும் அழைத்துப் போக வீட்டுக்கு வந்தார். என் தந்தை மாடுகளுக்கு லாடம் கட்டும் தொழிலாளி. அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். வாசலில் ஒரு பிடி மண்ணை அள்ளி, 'இதுதான் என் நாடு, இதைவிட்டு வரமாட்டேன்' என்றார். அந்த வாசலில், அந்த நிமிடத்தில், எங்களுக்கு நாடு பிறந்தது."

சின்னத்தாய் வாசலைப் பார்க்கவே இல்லை. விளக்குமாறு கையிலிருந்து நழுவினது கூட அவளுக்குத் தெரியவில்லை.

ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவரிடம் சொன்னேன். "சார், இதுதான் முதல் பட்டன்ல வரணும்."

"எந்த பட்டன்ல வேணா வரட்டும் முனுசாமி. வந்தா போதும்" என்றார். அப்புறம், அவ்வளவு பழக்கம் இல்லாத என்னிடம், ஏனோ சொன்னார். "எங்க ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் ஒருத்தர். கிரிக்கெட் மேட்ச் வந்தா போதும். 'என்ன பாய், இன்னிக்கு உங்க டீமா எங்க டீமா?'ம்பார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். எத்தனை வருசமா சிரிக்கறேன் தெரியுமா? அத்தா சொன்னது இந்தச் சுவத்துல ஏறிடுச்சுன்னா, அப்புறம் நான் சிரிக்க வேணாம்."

ஆனால் தலைவர் அய்யாவு கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "வூட்டு விசயத்தை எதுக்குங்க நாட்டு விசயத்துல சேர்க்கறீங்க? நாளைக்கு ஆளாளுக்கு எங்க தாத்தா, எங்க மாமன்னு வந்து நிப்பாங்க."

வேதமூர்த்தி சேர்ந்துகொண்டார். "ஆதாரம்? வாத்தியாருக்கு அப்போது என்ன வயது?"

"விவரம் தெரியாத வயசுங்க. அம்மா சொல்லிக் கேட்டது" என்றார் ரஹமத்துல்லா சார்.

"செவிவழிச் செய்தி. தந்தை இருக்கிறாரல்லவா? அழைத்து வாருங்கள். அவர் ஆமென்றால் எனக்கும் ஆம்தான். இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும்."

சதாசிவம் சார் "பார்ப்போம்" என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "கூட்டிட்டு வாங்க சார்" என்றார்.

மறுநாள் ரஹமத்துல்லா சாரின் அத்தா கரீம் பாய் வந்தார். ஒல்லியான ஆள், கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைத் தொப்பி. லாடம் அடித்து அடித்து வலது தோள் மட்டும் மேலேறி இருந்தது. நேராக நடுகல்லுக்குப் போய் அதில் செதுக்கியிருந்த மாட்டின் குளம்பைக் குனிந்து பார்த்து, "லாடம் இல்ல" என்று மகனிடம் குறை சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்தோம். பேராசிரியர், மேடம், தலைவர், சதாசிவம் சார் எல்லோரும் சுற்றி நின்றோம். நான் டேப்பைப் போட்டேன்.

கிழவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். 'ஒரு பிடி மண்ணை அள்ளி' என்று வந்ததும் கையைத் தூக்கி, "நிறுத்து நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

"யாருடா மண்ணை அள்ளுனது?"

"நீங்கதான் அத்தா. மாமா வந்தப்ப."

"மண்ணு எங்கடா இருந்துச்சு வாசல்ல? லாடம் கட்ட வந்த மாடு ஒரு டஜன் நிக்கும். வாசல் பூரா சாணி. அதையா அள்ளுனேன்?"

கமலாதேவி மேடம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். ரஹமத்துல்லா சார் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவில்லை.

"அம்மா சொன்னாங்களே அத்தா."

"உங்கம்மாவா? பாவம், என்னைப் பத்தி நல்லதா சொல்றதுக்கு அவளுக்கு வேற ஒண்ணும் கெடைக்கல."

வேதமூர்த்தி நிமிர்ந்தார். "பெரியவரே, அப்படியென்றால் நடந்தது என்ன?"

"நடந்தது என்னாங்க? மச்சான் வந்தான். கெளம்புன்னான். மறுநா கம்பைநல்லூர் சந்தை. வர்றேன்னு நாலு பேருகிட்ட வாக்கு குடுத்திருந்தேன். சந்தை முடியட்டும் பாத்துக்கலாம்னேன். அவன் போயிட்டான். நான் சந்தைக்குப் போனேன். வந்தேன். அடுத்த வாரமும் சந்தை வந்துச்சு."

"பிறகு?"

"அதுக்கு அடுத்த வாரமும் வந்துச்சு. சந்தை நிக்குமாங்க?"

தலைவர் அய்யாவு கைகளைத் தட்டிக்கொண்டார். "முடிஞ்சுதுங்களா? தூக்கிடுங்க."

ரஹமத்துல்லா சார் மெல்லச் சொன்னார். "எடுத்துடுங்க சார். அத்தா சொல்லலைன்னா எடுத்துடணும்னுதானே பேச்சு." கணக்கு வாத்தியாரின் அடுத்த மேட்ச் அந்த நிமிசமே அவர் காதில் விழுந்திருக்கும்.

கிழவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதை எடுக்கறீங்க?"

"இதைத்தான் அத்தா. இதுதான் என் நாடுன்னு நீங்க சொன்னதா நான் பேசினதை. நீங்கதான் சொல்லலையே."

"நான் எப்படா சொல்ல மாட்டேன்னேன்?" கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்கு யாரு கேட்டாங்க? மச்சான் வர்றியான்னு கேட்டான். மாட்டுக்காரன் லாடம் ஆச்சான்னு கேட்டான். உன் நாடு எதுன்னு ஒருத்தன் கேட்டானா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

வேதமூர்த்திதான் முதலில் தேறினார். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பது சான்று ஆகாது."

"சார்" என்றார் கமலாதேவி மேடம், "அந்த நள்ளிரவுல நீங்க எங்க இருந்தீங்க?"

"நானா? வீட்டில்தான்."

"முழிச்சிருந்தீங்களா?"

பேராசிரியர் மேல்துண்டைச் சரி செய்துகொண்டார். "அப்போது எனக்குக் காய்ச்சல்" என்றார்.

சதாசிவம் சார் கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். சட்டைப் பையில் போட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது, மற்றவர்களுக்குத் தெரியாது.

"சார்" என்று ரஹமத்துல்லா சாரைக் கூப்பிட்டார். "மறுபடி பேசறீங்களா? மண்ணு இல்லாம?"

இரண்டு பேரும் சாக்கு கட்டின பின்னறைக்குள் போனோம், நானும் அவரும் மட்டும். அவர் கையில் காகிதம் இல்லை. டேப்பை ஓடவிட்டேன். பேசவில்லை. முக்கால் சேலை சும்மா ஓடியது. பெல் என் கையிலேயே இருந்தது, அடிக்கவில்லை. அப்புறம் பேசினார், பக்கத்து வூட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி:

"நாப்பத்தேழுல எங்க மாமா கராச்சிக்குக் கூப்பிட வந்தாரு. எங்க அத்தா லாடக்காரர். மறுநாள் கம்பைநல்லூர் சந்தை. சந்தை முடியட்டும்னாரு. அடுத்த வாரமும் சந்தை வந்துச்சு. உன் நாடு எதுன்னு அன்னிக்கு அவரை யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்கறாரு."

அவ்வளவுதான். தலையை ஆட்டினார். நிறுத்தினேன். முந்தின அமைதியை வெட்டியெறிந்துவிட்டுப் பேச்சை மட்டும் அளந்து பார்த்தேன். சேலையில் ஒரு முந்தானை அளவுதான் வந்தது.

"சார், இதுக்குக் கட்டையைக் கழட்டிச் சின்ன வளையமா போட்டுரட்டுங்களா?" என்று சதாசிவம் சாரைக் கேட்டேன்.

"வேண்டாம். ஆளுக்கு ஒரு சேலைன்னு சொன்னோம். குறைக்காதே."

"மீதி வெறும் டேப்புங்க. சும்மா ஓடும்."

"ஓடட்டும். மீதியும் அவருதுதான்."

தலைவர் அய்யாவு முணுமுணுத்தார். சின்னத்தாயை உட்கார வைத்தார்கள். பட்டனை அழுத்தினேன். ரஹமத்துல்லா சார் பேசி முடித்தார். பின்னால் வெறும் 'உஸ்ஸ்' என்று டேப்பு ஓடும் சத்தம். சின்னத்தாய் வாசலைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், 'டக்' என்று நிற்கிற வரைக்கும். தலைவருக்கு அதற்கு மேல் பேச வழியில்லை. சட்டம் சட்டம்தான்.

அறை திறந்தாயிற்று. அன்றைக்கே சதாசிவம் சார் என்னை மாசச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். வேறு யாரால் அந்தக் கட்டைகளைப் பார்த்துக்கொள்ள முடியும்? ஜனங்கள் வந்தார்கள். வேதமூர்த்தியின் பட்டனை அழுத்தி, பாதியில் அடுத்ததற்கு நகர்வார்கள். கமலாதேவி மேடம் பட்டனில் பெண்கள் கூட்டம். மூன்றாவது பட்டனில்தான் தினமும் புகார். "ஏங்க, மிஷின் ரிப்பேருங்க, பேச்சு வரல" என்று என்னிடம் வருவார்கள். "ரிப்பேர் இல்லைங்க. என் மிஷின் ரிப்பேர் ஆவாது. இன்னும் இருக்குது, நில்லுங்க" என்று திருப்பி அனுப்புவேன். போய் நின்று, வெறும் உஸ்ஸைக் கேட்டுக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் கரீம் பாய் வர ஆரம்பித்தார். தொழுகை முடித்து நேராக அந்த அறைக்கு வருவார். மூன்றாவது பட்டனை அழுத்துவார். மகன் பேசுகிற வரை வாயைத் திறக்க மாட்டார். மகன் பேச்சு முடிந்து டேப்பு சும்மா ஓட ஆரம்பித்ததும், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் இவர் பேச்சைத் தொடங்குவார். அன்றைய சந்தையில் எந்த மாடு முரண்டு பிடித்தது, எவன் வாக்கு கொடுத்து வரவில்லை, மச்சான் என்ன நிறத்தில் குடை வைத்திருந்தான். வாரத்துக்கு வாரம் குடை நிறம் மாறும். வேதமூர்த்தி கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை ரஹமத்துல்லா சார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். கூடவே நாலு வாத்தியார்கள். அதில் ஒருத்தர் வெற்றிலை போட்ட வாயோடு சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இவருதான் எங்க கணக்கு சார்" என்று ரஹமத்துல்லா சார் என்னிடம் சும்மா அறிமுகம் செய்கிற மாதிரிச் சொன்னார். நான் ஆளைக் கவனித்துக்கொண்டேன்.

கணக்கு வாத்தியார் மூன்றாவது பட்டனை அழுத்தினார். தன்னோடு வேலை பார்க்கிறவர் குரல் வந்ததும் "அட, நம்ம பாய்!" என்று சிரித்தபடி திரும்பிப் பார்த்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். ரஹமத்துல்லா சார் சிரிக்கவில்லை. கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேச்சு முடிந்தது. டேப்பு ஓடுகிறது. கணக்கு வாத்தியார் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தார். அந்தப் பக்கமிருந்து கரீம் பாய் நகர்ந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்தார்.

"அந்த லாடக்காரன் நான்தான்" என்றார். "அன்னிக்கு சந்தையில என்ன ஆச்சு தெரியுமா வாத்தியாரே, ஒரு செவலைக் காளை..."

'டக்' என்று மோட்டார் நின்றது. கிழவரும் பாதிப் பேச்சில் நிறுத்திக்கொண்டார், அது அவருக்குப் பழகிவிட்ட மரியாதை. கணக்கு வாத்தியார் இதுதான் சமயம் என்று காலை எடுத்து வைத்தார்.

"எங்க போறீங்க? இருங்க, இன்னும் முடியல" என்று கரீம் பாய் முழங்கையை விடாமல், மறு கையால் பட்டனை மறுபடி அழுத்தினார்.